சுண்ணாம்புக் கோடும் முழங்காலும்

ஆற்றுத் தண்ணீர் வடிந்துவிட்டது. ஆனால் கோத்தா திங்கியில் ஈரம் அவ்வளவு சீக்கிரம் சுவரை விட்டுப் போவதில்லை. இன்று காலை துணி அலமாரியை நகர்த்தச் சொன்னேன். பின்னால் உங்கள் கோல்ஃப் மட்டை சாய்ந்து நின்றது. அதன் இரும்புத் தலை முழுக்கத் துருப்பிடித்திருந்தது.

“பழைய இரும்புதானே அத்தை, தூக்கிப் போட்டுடவா?” என்று மருமகன் கேட்டார். அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கைப்பிடித் தோலில் உங்கள் வியர்வை வாசனை மிச்சமிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். ஆற்றுச் சேற்றின் வாசனைதான் வந்தது.

தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே, சுவரில் நம் கல்யாணப் படத்திலிருக்கும் உங்களிடம் பேசுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து, சின்னத் துரைகளையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிவிட்ட காலம் அது. அப்போது நாம் இருந்த ரெங்கம் தோட்டத்தில் பெரிய துரைக்குச் சனிக்கிழமை கோல்ஃப் ஆட்டத்துக்கு நான்காவது ஆள் இல்லாமல் போயிற்று. ஒருநாள் ஆபீசில் தன் பழைய மட்டையை, நீங்கள் கணக்கு எழுதும் மேசைமேல் வைத்து, “கிராணி, நீ அடிச்சுப் பழகு. நல்லா வந்தா கூப்பிடுறேன்” என்றார். நீங்கள் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். தலை நரைத்த மனிதர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை. “அவங்களோட ஒண்ணா நடந்து, ஒரே பந்தை அடிச்சு, ஒரே மேசையில டீ குடிக்கப் போறேன்” என்றீர்கள். உங்கள் ஆசை இவ்வளவுதான். ஆயுளெல்லாம் அந்த ஆபீசில் உழைத்தவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் அதிகமில்லை.

ஆனால் அடி ஒன்றுபோல் விழவில்லை. ஒருமுறை பந்து அழகாக எழும்பும். அடுத்தமுறை மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணைக் குத்தும். அதற்கடுத்து பந்தின் உச்சந்தலையில் பட்டு, அது புல்லில் உருண்டோடும். பக்கத்து வீட்டு டிரெசர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், வேலி ஓரம் நின்று கேலி செய்வார்.

“என்ன கிராணியாரே, கெணறு வெட்டுறீங்களா?”

“தண்ணி வந்தா உங்களுக்கும் ஒரு வாளி தரேன்யா.”

“இது என்னங்க, பந்தா எலியா? இந்த ஓட்டம் ஓடுது!”

நான் நாற்காலியில் லேஸ் பின்னிக்கொண்டு பார்த்திருந்தேன். ஒரு கண்ணி தளர்ந்தால் முழுவதையும் பிரிக்கச் சொன்ன கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். ஒரே மனிதர், ஒரே மட்டை, ஒரே பந்து. பிறகு ஏன் வேறுவேறு அடி? நீங்கள் கையைக் குற்றம் சொன்னீர்கள். நான் கையைப் பார்க்கவில்லை.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, நீங்கள் பழகும் வீட்டு முன் திடலில் ஒரு கோடு போட்டேன். கோட்டின்மேல் பந்தை வைக்கச் சொன்னேன். “பந்து எங்க போச்சுன்னு பாக்காதீங்க. மண்ணைப் பாருங்க” என்றேன். நல்ல அடியில் மட்டை கோட்டைத் தாண்டி முன்னால் புல்லைச் சீவியிருந்தது. மோசமான அடியில் மட்டை பட்ட தழும்பு கோட்டுக்குப் பின்னால் இருந்தது, அல்லது தழும்பே இல்லை. தழும்பில்லாத அடிகள் எப்போது வந்தன என்று கவனித்தேன். திடலோரம் துரையின் கார் போகும்போது. டிரெசர் போனால் அப்படி ஆவதில்லை. கார்ச் சத்தம் கேட்டதும் மடங்கிய உங்கள் முழங்கால் தானாக நிமிரும். ஆபீசில் துரை உள்ளே வரும்போது நாற்காலியை விட்டு எழுந்த அதே முழங்கால். உடம்பு எழும்ப, மட்டையும் எழும்பிப் பந்தின் தலையைத் தட்டியது. அதற்குப் பயந்து அடுத்த அடியில் குனிந்து மண்ணைக் குத்தினீர்கள்.

இதைச் சொன்னதும் நீங்கள் உங்கள் முழங்காலைத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். “மதர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.” என்னைக் கன்னிமடத்துத் தலைவியாக்கி நீங்கள் வைத்த பெயர் அது.

அன்றிலிருந்து நீங்கள் நிமிரும்போதெல்லாம் நான் “உக்காருங்க!” என்பேன். “பெஞ்சு எங்கே மதர்?” என்பீர்கள். மெல்லமெல்லத் தழும்புகள் எல்லாம் கோட்டுக்கு முன்னால் வந்தன.

துரை பார்க்க வந்த மாலை, உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார். முதல் பந்து உருண்டோடியது. அடுத்தது மண். உங்கள் காது சிவந்ததை நான் நாற்காலியிலிருந்தே கண்டேன். பொறுக்க முடியவில்லை. “உக்காருங்க!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். துரை திரும்பி, “யாரு? நானா?” என்றார். நீங்கள் திரும்பவில்லை. முழங்கால் மடங்கியே இருந்தது. பந்து ஜம்பு மரத்துக்கு மேலே போய், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழுந்தது. “அலமாக்!” என்று டிரெசர் வேலியோரம் மலாயில் வியந்து கத்தினார்.

“நல்லா அடிச்சே கிராணி. சனிக்கிழமை வா” என்றார் துரை.

வெள்ளைக் கால்சட்டைக்கு நானே கஞ்சி போட்டேன். நீங்கள் போனபோது பக்கத்து லாயாங் லாயாங் தோட்டத்திலிருந்து வேறொரு துரை வந்திருந்தார். நான்காவது ஆள் கிடைத்துவிட்டது. வந்ததுதான் வந்தாய் என்று உங்களைக் குழியருகே கொடிக்கம்பைப் பிடித்து நிற்கச் சொன்னார்கள். பொழுது சாயத் திரும்பினீர்கள். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. நான் கேட்காமலே சொன்னீர்கள்: “நல்லா நின்னேன் மதர். அதுதான் பழகின வேலையாச்சே.”

அதன்பிறகு நீங்கள் மட்டையைத் தொடவில்லை. திடலில் கோடு மழையில் கரைந்தது. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது துரை வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அறையிலிருந்த எல்லோரும் எழுந்தார்கள், டிரெசர்கூட. என் முழங்காலும் நிமிரத் தொடங்கியது. அழுகையில்கூட அது மறக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அந்த ஒரு சொல்லை. உட்கார்ந்துவிட்டேன். துரை என் முன்னால் நின்றார். சொல்ல வந்ததை நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

துரு முழுக்கப் போகவில்லை. பள்ளங்களில் கறுப்பாகத் தங்கிவிட்டது. மட்டையைத் திரும்ப அலமாரிக்குப் பின்னால் வைக்காமல் என் கட்டிலருகே சாத்தியிருக்கிறேன். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தால் எழுந்திருக்கிறேன், அது ஆண்டவருக்கு. வேறு யார் வந்தாலும் எழாமலே நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க” என்கிறேன். கிழவிக்கு மூட்டுவலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.