கணக்குப் பரீட்சையில் வந்த தேவ அழைத்தல்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஷூவுக்குள் தண்ணீர், சாக்ஸில் நாற்றம். ஜெனி தூங்கிவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு. ஏழாம் வகுப்புக்கு வந்தும் பென்சிலைக் கடிக்கிற தங்கை. இவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இன்று ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

மூன்றாவது பீரியட் கணக்குப் பரீட்சை. முக்கோணவியல். ஒன்றும் தெரியாது. போன தடவை கணக்கு மிஸ் (இனி க.மிஸ்) என் விடைத்தாளை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார், ஜோக் புத்தகம் போல. இந்தத் தடவையும் வாசிப்பார்.

அதற்கு முந்தைய பீரியட் ஞானோபதேசம், அதாவது வேதபாடம். கத்தோலிக்கப் பிள்ளைகள் சாப்பலுக்கு. மற்றவர்களுக்கு வகுப்பிலேயே நன்னெறி. என் தோழி ஷமீமாவுக்கு வாராவாரம் பொய் சொல்லாத சிறுவன் கதை, எனக்கு வாராவாரம் பத்துக் கட்டளை. யார் பாடு மோசம் என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

இன்று புதிதாக ஒருவர். சிஸ்டர் ஃபாத்திமா. ஸ்கூல் ஸ்கூலாகப் போய், கன்னியாஸ்திரி ஆக விரும்பும் பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலையாம். கடவுள் கூப்பிடுவார், சிலருக்குத்தான் கேட்கும் என்றார். எனக்கு மழைச் சத்தம் கேட்டது.

"யாருக்காச்சும் சிஸ்டராகணும்னு ஆசை இருக்கா? கை தூக்குங்க. அவங்க மட்டும் அடுத்த பீரியட் இங்கயே இருங்க, பேசலாம்."

அடுத்த பீரியட்! கை தானாக மேலே போனது.

திரும்பிப் பார்த்தால் நான் ஒருத்திதான். மோனிக்கா கூடத் தூக்கவில்லை. மாதாமாதம் முதல் வெள்ளியன்று சாமியாரிடம் "தம்பியை அடிச்சேன்" என்று ஒரே பாவத்தைச் சொல்லிவிட்டு, பாதி மூடிய கண்களோடு வெளியே வரும் மோனிக்கா. அவளுக்கும் கணக்கு வராது. ஆனால் இந்த யோசனை வரவில்லை, மக்கு.

சிஸ்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். தினமும் ஜெபமாலை சொல்வோம் என்றேன் (உண்மை). விருப்பத்தோடு சொல்வேன் என்றேன் (பொய்). ஒரு மாதா படம், இரண்டு பிஸ்கட் கிடைத்தன. பெல் அடித்தது. பரீட்சை முடிந்தது.

ஷமீமா: "எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"சிஸ்டராகப் போறேன்."

பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "நீயா? பிரேயர்ல நின்னுக்கிட்டே தூங்குற ஒரே சிஸ்டர் நீதான்டி."

நானும் சிரித்தேன். அது காலையில்.

சாயங்காலம் சிஸ்டர் அப்பாவுக்கு போன் செய்துவிட்டார். இது என் மூளைக்கு எட்டவே இல்லை. எடமலைப்பட்டி புதூரே மூழ்கினாலும் சைக்கிள் கடையைச் சாத்தாத அப்பா, இன்று சீக்கிரமே சாத்திவிட்டு வந்தார். ஈரச் சட்டையோடு என் தலைமேல் கை வைத்தார்.

"நீ பொறந்தப்பவே உன்ன மடத்துக்குத் தர்றேன்னு மாதாகிட்ட சொல்லி வெச்சேன்மா. யார்கிட்டயும் சொல்லல. உங்கம்மாகிட்ட கூட."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தோசைக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டாள்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்னும்.

நவம்பர் 13, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். கொசு.

புனிதையானதில் கிடைத்தவை:

க.மிஸ்ஸின் கருணை. "உனக்கு அப்புறமா தனியா டெஸ்ட் வெக்கிறேன்மா. எனக்காகவும் வேண்டிக்க." என் விடைத்தாளை வாசித்த அதே வாய்.

அசெம்பிளியில் பைபிள் வாசிக்கும் வேலை.

மோனிக்காவின் டிபன் பாக்ஸிலிருந்து பாதி ஆம்லெட். "எங்கம்மா உனக்குக் குடுக்கச் சொன்னாங்க." ஆம்லெட் வழியாக மோட்சத்துக்கு வழி பார்க்கும் குடும்பம்.

டி.வி. ரிமோட். ஜெனி பிடுங்க வந்தாள். அம்மா, "அவகிட்ட சண்ட போடாதடி, அவ ஆண்டவரோட பிள்ள" என்றாள். "அப்ப நான் யாரு பிள்ளயாம்?" என்று ஜெனி கேட்டாள்.

போனவை: வம்பு. தண்ணீர்க் குழாய் பக்கம் நான் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஏதோ காதல் விவகாரமாம். ஸ்கூலுக்கே தெரியும், எனக்குத் தெரியாது.

இவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா? ஒரு கையைத் தூக்கினால் போதும். ஜெபமாலையின்போது நான் சுவரில் பல்லியைத்தான் பார்க்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. கடவுளுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி அப்பா போனில், பங்குச் சாமியாரிடம்: "ஆமாங்க ஃபாதர், மூத்தவதான். பத்தாவது முடிச்சதும் அனுப்பிடலாங்க. ஞாயித்துக்கிழமை அன்பியம் நம்ம வீட்லதான். எல்லார்கிட்டயும் அப்பவே சொல்லிடுறேன்."

அன்பியம்: எங்கள் தெருவின் கத்தோலிக்க வீட்டார் எல்லோரும் மாதம் ஒரு வீட்டில் கூடி, ஆளுக்கொரு சுருதியில் பாடி, கேசரி தின்றுவிட்டுக் கலைவது. அவர்கள் முன்னால் சொல்லிவிட்டால் முடிந்தது. அப்புறம் மறுத்தால் அப்பா இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. வரும் ஜூனில் நான் மடத்தில்.

அதற்குள் சொல்லியாக வேண்டும். ஷமீமாவும் அதைத்தான் சொல்கிறாள்.

"நீ உங்க அத்தாகிட்ட இப்படி சொல்லுவியாடி?"

"எங்கத்தா குவைத்துல இருக்காரு. சொல்லிட்டு போனை கட் பண்ணிடுவேன். உனக்கு அந்த வசதி இல்ல, பாவம்."

நாளை சொல்கிறேன்.

நவம்பர் 15, சனி

சொல்லவில்லை.

இன்று சிஸ்டர் ஃபாத்திமா மடத்து வேனில் என்னை அழைத்துப் போனார். ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சிஸ்டராவதற்குப் பயிற்சி பெறும் பெண்களின் வீடு. ஷமீமாவிடம் சொல்லிச் சிரிக்க வழியெல்லாம் சேகரித்துக்கொண்டே போனேன். வாசலில் வரிசையாக நின்று "இயேசுவுக்கே புகழ்" என்றார்கள், கிளிகள் மாதிரி. சாம்பாரில் ஒரே ஒரு முருங்கைக்காய், அதுவும் சிஸ்டர் தட்டில். தோட்டத்தில் இறகு உதிர்ந்து அம்மணமான இரண்டு வான்கோழிகள், பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்.

பின்பக்கம் செல்வி என்ற அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். திருவெள்ளறைப் பக்கம், விவசாயக் குடும்பம். ஈரப் போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

"பிடி, முறுக்கு. நீ எதுக்கு இங்க வரப் போற?"

"கடவுள் கூப்பிட்டாரு." தயாராக வைத்திருந்த பதில்.

"எப்படிக் கூப்பிட்டாரு?"

இதுவரை யாரும் இதைக் கேட்கவில்லை. அப்பாகூட. நான் போர்வையை முறுக்கினேன்.

"எனக்கும் சொல்லத் தெரியாது," என்றாள். "எங்கப்பா ரெண்டு தடவ வந்து இழுத்துட்டுப் போனாரு. ஆடு மேய்க்க விட்டாரு. ரெண்டு தடவயும் பஸ் ஏறி வந்துட்டேன். இப்ப எங்கூட பேசுறதில்ல." சிரித்துக்கொண்டே இன்னொரு முறுக்கு முறுக்கினாள். தண்ணீர் முழுக்க என் காலில்.

திரும்பி வரும்போது செல்வியைப் பற்றி ஒரு கேலிக்காகத் தேடினேன். வகிடு கோணல். அவ்வளவுதான் கிடைத்தது.

நாளை கட்டாயம்.

நவம்பர் 16, ஞாயிறு

வீடு முழுக்க ஆட்கள், வாடகை நாற்காலி, முந்திரி போட்ட கேசரி. அப்பாவுக்குப் புதுச் சட்டை, விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார். பாட்டு முடிந்ததும் எழுந்தார்.

"எங்க மூத்தவள..."

நானும் எழுந்துவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. "எனக்கு வேண்டாம்ப்பா. கணக்குப் பரீட்சைக்குப் பயந்துதான் கை தூக்கினேன்."

மோனிக்காவின் அம்மா சிரிப்பை இருமலாக மாற்றினாள், ஆம்லெட் வீணானதே என்று இருக்கும். அப்பாவின் சிரிப்பு மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

அப்போது பாயில் உட்கார்ந்திருந்த ஜெனி, வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள்.

"அப்பா, நான் போறேன்ப்பா."

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டார், அவ்வளவு பெரிய பெண்ணை. "மாதா இவளத்தான் கேட்டிருக்காங்க. நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்!" கடவுள் எப்படிக் கூப்பிட்டார் என்று இவளையும் யாரும் கேட்கவில்லை. உடனே கேசரி பரிமாறச் சொன்னார்கள். அம்மா மட்டும் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டுவதற்கு அவர்களுக்கு நேரமில்லை.

படுத்ததும் ஜெனியை உலுக்கினேன். "ஏன்டி தூக்கின?"

"அப்பா மூஞ்சியப் பாத்தியா? அழுதுடுவாரோன்னு இருந்துச்சு."

"உனக்கு ஆசையா?"

"தெரியல. சிஸ்டருங்க சைக்கிள் ஓட்டலாமாக்கா?"

"ஓட்டலாம்."

"அப்ப சரி." திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு.

என் கையை நானே இறக்கிக்கொண்டேன். இவளால் இறக்க முடியாது. அப்பா இவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரே நாளில் இரண்டாவது தடவை அந்த முகத்துக்கு நேரே போய் நின்று, இவளை விட்டுவிடச் சொல்ல வேண்டும். இதற்குக் கணக்குப் பரீட்சையே தேவலை.

ஹாலில் இன்னும் விளக்கு எரிகிறது. அப்பா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. சத்தம் நின்றுவிட்டது. படுத்துவிடப் போகிறார். அதற்குள் சொல்லியாக வேண்டும். எழுந்துகொள்கிறேன்.