கடைசி மரை வரை முறுக்கிய ஸ்பிரிங்

என் பாலு அண்ணே,

உன் பைக்கைச் சரிபண்ணிவிட்டேன். இதைக் கேட்டதும் நீ முதலில் சந்தேகப்படுவாய். சங்கரன் ஒரு வேலையை முடித்துவிட்டானாம் என்று மதினியிடம் சொல்லிச் சிரிப்பாய். சத்தியமாக முடித்துவிட்டேன். முன்பக்க ஃபோர்க்குக்கு ஆயில் சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றி, பின்னால் இருக்கும் ஒற்றை ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் பிரித்து, துருப்பிடித்த பேரிங்குகளைத் தூக்கிப் போட்டு, பதினான்கு வயதான அந்த மலைவண்டியை மறுபடி நிமிர்த்தி நிறுத்தியாயிற்று.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மதினியும் காவ்யாவும் டெல்லி கோல் மார்க்கெட்டில் இருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு முனிர்காவில் வாடகைக்கு இருக்கிறார்கள். உன் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சேர்ந்த முதல் வாரமே போன் போட்டு, அப்பா பைக்கை நான் ஓட்டட்டுமா சித்தப்பா என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மூன்றாவது நாளே கரோல் பாக்கில் ஒரு மிஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பின்பக்க ஸ்பிரிங்கின் மேல் ஒரு வளையம் உண்டு. ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ அதைத்தான் திருக வேண்டும். அது கடைசி மரை வரை இறங்கி, துருவேறி அப்படியே பிடித்துக் கிடந்தது. "இத்னா டைட் கிஸ்னே கியா?" என்றார் மிஸ்திரி. யார் இவ்வளவு முறுக்கியது என்று கேட்டவரிடம், தெரியாது என்று தலையாட்டினேன். முறுக்கியது யாரென்று உனக்கும் கடைசிவரை தெரியாது. நான்தான் அண்ணே.

நமக்குள் இருந்த வேலைப் பிரிவினை ஞாபகம் இருக்கிறதா? ஓட்டுவது நீ, ஸ்பேனர் பிடிப்பது நான். அமைச்சகத்து ஃபைலில் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுவைக்காத மனுஷன், செயினுக்கு எண்ணெய் விடவும் என்னைத்தான் கூப்பிடுவாய். வாரம் முழுக்க அதில் ஆபீஸ். ஜூன் வந்தால் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு ஸ்பித்தி, சக்ராதா என்று தனியாக மலையேறிவிடுவாய். அந்தப் பதினைந்து நாளை நினைத்துக்கொண்டுதான் மீதி வருஷத்தைத் தள்ளுகிறேன் என்பாய். சனிக்கிழமைகளில் மட்டும் வண்டி எனக்கு.

நீ ஐம்பத்தெட்டு கிலோ, நான் தொண்ணூற்றிரண்டு. ஒரு சனிக்கிழமை ஆரவல்லிப் பக்கம் கல்லும் பள்ளமுமான பாதையில், என் கனம் தாங்காமல் வண்டி அடிவரை அமுங்கி இடித்தது. வளையத்தைக் கடைசி வரை முறுக்கினேன். எனக்குச் சுகமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் எடைக்குத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். சீட்டைக் கழற்ற வேண்டும், பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும், அரைமணி நேர வேலை. அடுத்த சனிக்கிழமை மறுபடி முறுக்கத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன். முதலில் அது வெறும் சோம்பேறித்தனம்தான். அதோடு நின்றிருந்தால் நீ நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பாய்.

பிறகு சிக்னலில் உனக்குக் கால் எட்டாமல் போயிற்று. ஸ்பிரிங் இறுகியதில் சீட் உயர்ந்துவிட்டது. நுனிவிரலில் நின்றுகொண்டு, வயதாகிக் குள்ளமாகிவிட்டேன் என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்தாயாம். மூன்றாவது வாரம் என்னிடம் வந்தாய்.

"ஏல, பின்னாடி ஏதும் டைட்டா இருக்கால? ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்புல குத்துது."

"இல்லண்ணே, எல்லாம் சரியாத்தான் இருக்கு. எதுக்கும் ஒரு டாக்டர்ட்ட காட்டு."

ஏன் அப்படிச் சொன்னேன்? மறந்துவிட்டேன் அண்ணே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வண்டி விஷயத்தில் தம்பி தப்பே செய்ய மாட்டான் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி மேல் எனக்கு ஒரு கண்.

நீ டாக்டரிடம் போனாய். படம் எடுத்தார்கள். ஐம்பது வயதுக்காரர் முதுகில் ஏதாவது ஒன்று இல்லாமலா போகும்? கொஞ்சம் தேய்மானம் என்றார்கள். பெல்ட் கட்டிக்கொண்டாய். மதினி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அந்த வருஷம் ஜூன் வருவதற்குள் சாவியை என் கையில் வைத்துவிட்டாய். "நீயே வச்சுக்கோல. எனக்கு இனி ஒத்துக்காது." அப்போதாவது நான் வாயைத் திறந்தேனா என்றால், திறந்தேன். தேங்க்ஸ்ண்ணே என்றேன்.

அதற்குப் பிறகு உனக்கு மூன்று ஜூன்கள் இருந்தன. மூன்றிலும் மலைக்குப் போனது நான். மூட்டையைக் கட்டி, கயிற்றை இழுத்துப் பார்த்து அனுப்பிவைத்தது நீ. போய்ச் சேர்ந்ததும் போன் போடச் சொல்வாய். பனி இருக்கிறதா, ஓடைத் தண்ணீர் ரோட்டைத் தாண்டிப் போகிறதா, அந்த வளைவில் டீக்கடை இன்னும் இருக்கிறதா என்று விடாமல் கேட்பாய். உன் மாரடைப்புக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் உன்னுடைய கடைசி மூன்று ஜூன்களைத் தின்றவன் நான்.

இனிச் சொல்லப்போவது அதைவிட மோசம். போன ஞாயிறு வண்டியை முனிர்காவுக்குக் கொண்டுபோனேன். காவ்யாவுக்கும் ஏறக்குறைய உன் எடைதான். மிஸ்திரி அதற்கேற்ப ஸ்பிரிங்கை வைத்துக் கொடுத்திருந்தார். தெருவை ஒரு சுற்று சுற்றி, ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் ஏறி இறங்கி வந்து நின்றாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சித்தப்பா, இவ்ளோ ஸ்மூத்தா இருக்கு. அப்பாவுக்கு இதுலயா முதுகு வலிச்சது?"

மதினி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு வயசாயிட்டும்மா" என்றேன்.

பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டாள் அண்ணே. பாவம், எவ்வளவு வலித்தது என்று அப்பா சொல்லவே இல்லையே என்று அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

டெல்லியில் நம்மூர்க்காரர்கள் தமிழில் போடும் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது என் கெட்டிக்காரத்தனம் எனக்கே புரிந்தது. நீயும் நானும் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவர்கள். மதினி நாக்பூரில் இந்தியில் படித்தவர், காவ்யா ஆங்கிலத்தில். இரண்டு பேரும் தமிழ் பேசுவார்கள், ஒரு வரி வாசிக்க மாட்டார்கள். டெல்லித் தமிழர்கள் எல்லோரும் இதைப் படிக்கலாம், தெரிய வேண்டிய இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது. மன்னிப்புக் கேட்டதாகவும் ஆயிற்று, அகப்படாமல் தப்பித்ததாகவும் ஆயிற்று. உன்னிடம் செய்ததைத்தான் இப்போது தாளில் செய்துகொண்டிருந்தேன்.

அது வேண்டாம். வருகிற ஞாயிறு, மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால், முனிர்காவுக்குப் போகிறேன். இந்தத் தாளை மதினிக்கும் காவ்யாவுக்கும் நானே வாய்விட்டு வாசிக்கிறேன். புரியாத சொல் வந்தால் நிறுத்தி இந்தியில் சொல்கிறேன். டாக்டரிடம் காட்டு என்று உன்னை அனுப்பிய அந்த இடத்தை விழுங்காமல், ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறேன். அதற்குப் பிறகு காவ்யா என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாளா, தெரியாது. பாதியில் எழுந்து போனாலும், மிச்சத்தை மதினிக்கு வாசித்து முடித்துவிட்டுத்தான் அந்த வீட்டை விட்டு வெளியே வருவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ இருந்தபோது சொல்லத் துணியாத உன் தம்பி,
சங்கரன்