பதிமூன்றுக்கும் அரை இன்ச்சுக்கும் நடுவே

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பழைய வண்டி ஆகிய மூவரில் இருவர் சுகம். நீ சுகம் என்பதை அம்மா ஃபோனில் பேசும்போது பக்கத்து அறையிலிருந்து ஒட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன், உன் வாயால் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. படித்த பெண் மெக்கானிக் வேலைக்குப் போவதா என்று அன்று வாசலில் நின்று கத்தினேனே, அதோடு நம் பேச்சு நின்றது. அம்மா முழங்கால் வலி குறைந்து மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறாள்.

போன வாரம் வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் படுத்துவிட்டது. அதைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட், நமக்குத் தெரியாததா என்று கீழே நுழைந்தேன். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் ஏறவில்லை, பதிமூன்று ஏறியது, ஆனால் லேசாக ஆடியது. ஏறிவிட்டதே, அப்புறம் என்ன, நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மூச்சைப் பிடித்துத் தள்ளியதில் ஸ்பேனர் வழுக்கி போல்ட்டின் மூலை மழுங்கியது, என் விரல் முட்டித் தோலும் போயிற்று. துருதான் காரணம், ஸ்பேனர் சரி என்று மீசையில் மண் ஒட்டாமல் சொல்லிவைத்தேன். அம்மா போல்ட்டை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அம்மா வந்து, உதிரி பாகக் கடைக்காரர் சொன்னார், பழைய வண்டியில் இன்ச் அளவு போல்ட்டும் கலந்திருக்குமாம், இது அரை இன்ச்சாம், ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவிட்டு, ஆறு மூலை சாக்கெட்டைப் போல்ட் தலையில் சுத்தியலால் தட்டி உட்காரவைத்து, முதலில் மயிரிழை இறுக்கிவிட்டு அப்புறம் திருப்பணுமாம் என்று ஒப்பித்தாள். ஸ்பேனரையே அந்த இரும்பு என்று சொல்கிறவள் வாயில் ஆறு மூலை சாக்கெட். அதுவும் அந்தக் கடை திங்கள்கிழமை வரை பூட்டு, காலையில்தான் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நம்பியவன் போலத் தலையாட்டிவிட்டு, தெரிந்தவரிடம் சாக்கெட்டை வாங்கி வந்து அப்படியே செய்தேன். டக்கென்று விட்டது. வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன், என் மகள் தொழில் தெரிந்தவள் என்று பெருமையாக இருந்தது, அன்று கத்தியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. தப்பு என்னுடையதுதான் அம்மாடி.

நேரத்துக்குச் சாப்பிடு. ஸ்பேனரைத் தள்ளாதே, உன் பக்கமாக இழு, விரல் தப்பும். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் அப்பன் சொல்லாமல் இருப்பானா. நீ சொல்லிக்கொடுத்தது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, பாவம், கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள்.

எடுத்த வேலையெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இரண்டாவது போல்ட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அளவு தெரியும், சாக்கெட்டும் கையில் இருக்கிறது, எண்ணெயும் ஊறிவிட்டது. நான் தொடமாட்டேன். லீவு போட்டு வந்து நீ கழற்று.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா