ஒதுங்க ஓர் இடம்

செவ்வாப்பேட்டை
14-11-1973

அம்மாவுக்கு சம்பூர்ணம் கும்பிட்டு எழுதறது. இங்க நானும் உன் மருமகனும் அவர் தம்பி சேகரும் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? தைலத்தை விடாம தேய்.

வீட்டுக்குத் தூரமானா மூணு நாளும் பின்னறையில ஒதுங்கிக்கோ, ஆம்பளைங்க கண்ணுல படாதேன்னு எழுதியிருந்தே. இங்க மொத்தமே ஒரு ரூமுதாம்மா. பின்சுவத்துக்கு அந்தாண்ட வேற குடித்தனம். சேகர் நைட் ஷிப்டு முடிச்சு வந்து பகல் பூரா அந்த ரூமுலதான் தூங்குது. உன் பேச்சைத் தட்டக்கூடாதுன்னு, கூலிக்குப் பொத்தான் தைக்கிற சட்டைங்களை எடுத்துக்கினு நேத்து ஸ்டேஷன் பெஞ்சுல போய் உக்காந்தேன். எந்த வண்டிக்கும்மான்னு கேட்டவங்களுக்கெல்லாம் அடுத்த வண்டிக்குன்னேன்.

சாயந்திரம் கம்பெனி விட்டு வந்து இறங்கின உன் மருமகன், "என்னைக் கூட்டிக்கினு போகவா வந்தே?"ன்னு கேட்டாரு. முகமெல்லாம் சிரிப்பு. ஆமான்னுட்டேன். சட்டை மூட்டையை வாங்கிக்கினு தோளோட தோள் உரசத்தான் நடந்தாரு. நான் விலகலை. உன்னை நெனச்சும் கூச்சமா இருந்துச்சு, அவரை நெனச்சும் கூச்சமா இருந்துச்சு.

யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா உன் கையால போட்ட எலுமிச்சை ஊறுகா குடுத்தனுப்பு. சின்ன பாட்டில் போதும், வைக்க இடமில்ல.

இன்னிக்கும் பெஞ்சுலதான் இருக்கேன். அவர் வண்டி வர்ற சத்தம் கேக்குது. தினமும் வரச் சொல்லியிருக்காரு. மூணு நாள் முடிஞ்சப்புறம் நான் ஏன் வரலேன்னு கேட்டா இன்னா சொல்றது, அதை மட்டும் எழுது.

உன் மகள்
சம்பூர்ணம்