லண்டனில் மௌத்தான மகனுக்கு

கற்பிட்டி,
மார்ச்சு மாதம், 1919.

மகன் இஸ்ஹாக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் இங்கே உன் உம்மாவும் தம்பி அபூசாலியும் நானும் சுகமாயிருக்கிறோம். நீயும் சுகமாயிருக்கிறாய் என்று உன் காகிதத்தில் கண்டேன், அதுதான் இப்போது வந்திருக்கிற கரைச்சல். உன் கையெழுத்தைக் கண்டதும் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன், என் பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று வாய்விட்டு அழுதேன், அதை மறைக்கவில்லை. முழுதும் வாசித்து முடித்தபோது அழுகை நின்றுவிட்டது. லண்டனுக்குத் திரும்பிவிட்டேன், அடுத்த கப்பலில் வருகிறேன், என் பெண்சாதி ஹாஜராவிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். என்னத்தைச் சொல்ல?

உன்னோடு கப்பல் அடுப்புக்குக் கரி தள்ளிய இன்னாசிப்பிள்ளை யுத்தம் தொடங்கிய மறுவருஷம் ஊர் வந்தான். லண்டன் பட்டினத்துக்கு மேலே ஜெர்மன்காரனுடைய ஆகாயக் கப்பல் வந்த கதையை நம்முடைய முற்றத்தில் நின்றுதான் சொன்னான். சுருட்டு மாதிரி நீளமாம், நம் தோணிகளை வரிசையாகக் கட்டினாலும் அந்த நீளம் வராதாம், சிறகும் இல்லை பாயும் இல்லை, மேகத்துக்குள்ளிருந்து மெல்ல வந்ததாம். சனம் ஓடி ஒளியாமல் தெருவில் இறங்கிப் பெருநாள் பிறை பார்க்கிற மாதிரி அண்ணாந்து நின்றதாம், அப்படி நின்றவர்களின் தலையிலேதான் குண்டு விழுந்ததாம். நீங்கள் தங்கிய விடுதி எரிந்து தரைமட்டமாம். சாம்பலுக்குள் எடுத்ததென்று உன் பச்சை இடுப்புவாரை, பாதி கருகியதை, உம்மாவின் மடியில் வைத்தான். நீ அன்று பின்னேரமே பெட்டியும் வாரும் கிடக்க வேறு கப்பலில் ஏறிப் போனதும், அது பிடிபட்டு யுத்தம் முடியும்வரை ஜெர்மன்காரனுடைய மறியலில் கைதியாகக் கிடந்ததும் எங்களுக்கு எப்படித் தெரியும்? மறியலிலிருந்து எழுதினேன் என்கிறாய், இங்கே ஒன்றும் வந்து சேரவில்லை.

மையத்து இல்லாமலே பள்ளியில் உனக்கு ஜனாஸாத் தொழுகை தொழுதோம், கத்தம் ஓதிச் சோறு கொடுத்தோம். ஹாஜரா வெள்ளை உடுத்து, வெளியாண்கள் முகம் பாராமல் இத்தா இருந்தாள். அது முடிந்ததும், இந்த வயதுப் பிள்ளையை எத்தனை காலம் விதவையாக வைத்திருப்பது என்று நானே பேசி அபூசாலிக்கு நிக்காஹ் செய்து வைத்தேன். கூடப்பிறந்த நானாவுடைய பெண்சாதியை எப்படி முடிப்பேன் என்று அவன் சோறு தின்னாமல் கிடந்தான், அடிக்காத குறையாக இணங்கவைத்தேன். இப்போது ஆண் பிள்ளை ஒன்று இருக்கிறது. உன் காகிதம் வந்தபிறகு வேறு ஊர்க் கதைபோலப் பள்ளி லெப்பையிடம் கேட்டுப் பார்த்தேன். முதல் புருஷன் உயிரோடு வந்தால் இரண்டாவது நிக்காஹ் நிற்காது என்றார். நீ துறையில் கால் வைத்தால் உன் தம்பிக்குப் பெண்சாதி இல்லை, அந்தப் பச்சைப் பிள்ளையை ஊர் வாய் என்ன சொல்லுமென்று நீயே யோசி. ஆகையால் நீ வரக்கூடாது. உன்னிடம் கேட்கவில்லை, சொல்லுகிறேன்.

ஹாஜராவுக்குத் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது. யாருடைய காகிதம் என்று உம்மா கேட்டாள், கொழும்பு உப்பு முதலாளியுடையது என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் உன் பேரில் யாசீன் ஓதிவிட்டு அந்த வாரைத் தடவித் தடவி அழுகிறாள், அழட்டும், பழகிவிட்டாள். இந்த வருஷம் மழை பிந்திப் பெய்து உப்பெல்லாம் கரைந்துபோனது, அபூசாலிதான் ஒற்றை ஆளாகப் பாத்தியில் நின்று மாய்கிறான். நீ உப்பளத்தில் கால் வைக்க வெட்கப்பட்டுக் கப்பலேறியவன். உயிரோடிருந்தபோது ஒருநாளும் என் சொல் கேட்டதில்லை, மௌத்தான பிறகுதான் ஊர் மெச்சும் பிள்ளையாயிருந்தாய், அதைக் கெடுத்துவிடாதே. அங்கே குளிர் கடுமை என்கிறார்கள், நெஞ்சுக்குக் கம்பளி போட்டுக்கொள், ஹராமானதைத் தின்னாதே, தோதான பெண்ணாகப் பார்த்துக் கலியாணம் முடித்துக்கொள். இனி எழுதாதே. இந்தமுறை தபாற்காரன் காகிதத்தை அபூசாலியின் கையில் கொடுக்கப் பார்த்தான், நான் பறித்தெடுத்தேன்.

பிள்ளைக்கு உன் பேரைத்தான் வைத்திருக்கிறோம். உம்மா முற்றத்தில் நின்று இஸ்ஹாக் என்று கூப்பிட்டால் ஓடிவர ஆள் இருக்கிறது. அல்லாஹ் உன்னை நீண்ட ஆயுளோடு நல்லபடி வைக்கட்டும், அங்கேயே வைக்கட்டும். வாசித்ததும் இதை எரித்துவிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அபூசாலியின் வாப்பா
செய்னுலாப்தீன்