குதிரைகளோடு வீடு திரும்பியவர்கள்

கராஜைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். மூலையில் சாத்தியிருந்த உம்முடைய வரைபடச் சுருள் சரிந்து என் தோளில் விழுந்தது. பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பழைய அமெரிக்கப் படம். எறிய மனம் வராமல் காரின் பின் சீற்றில் போட்டு பிக்கரிங்கில் இருக்கும் இந்த வீடுவரை கொண்டுவந்தீர். விரித்தபோது மெழுகுத்துணியும் ஈரமும் கலந்த மணம் எழுந்தது. பாடம் முடிந்து நீர் காரில் ஏறும்போது உம்முடைய கைகளில் இருந்த மணம் அது. வீட்டை விற்கப்போகிறேன், இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீமெந்துத் தரையிலேயே இருந்துவிட்டேன்.

ஊரில் இலங்கைச் சரித்திரம் படிப்பித்தவர் நீர். இங்கே வந்து திரும்பவும் படித்து, ஸ்காபரோவில் ஓர் உயர்பள்ளியில் வேலை எடுத்தபோது, உமக்குக் கொடுத்தது பதினோராம் வகுப்பு அமெரிக்க வரலாறு. “கனடாவில ஒரு சிலோன்காரி அமெரிக்காக்காரன்ர சண்டையைச் சொல்லிப் பிழைக்கிறாள்” என்று சிரிப்பீர். ஆனால் அந்தச் சரித்திரம் உம்மைப் பிடித்துக்கொண்டது. களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கிய எனக்கு அமெரிக்கா பற்றித் தெரிந்ததெல்லாம், 401 நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் இருந்து நீர் சொன்னதுதான்.

விடுதலை பற்றி எழுதிய கைகளே அடிமைகளை வைத்திருந்த கதையைச் சொன்னீர். நாட்டுக்குச் சட்டம் எழுதவென்று ஒன்றுகூடியவர்கள் அடிமை என்ற சொல்லைக்கூட எழுதாமல் சுற்றிவளைத்ததைச் சொன்னீர். “கதைச்சா நாடு உடைஞ்சுபோம் எண்டு கதைக்காமல் விட்டவை. பேரப்பிள்ளையளின்ர காலத்தில சண்டையாய் வெடிச்சுது.” பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, “எங்கட நாட்டிலயும் பெரிய ஆக்கள் இருந்து எழுதினவைதானே” என்றீர்.

உமக்குப் பிடித்த பாடம் அந்த உள்நாட்டுச் சண்டையின் முடிவு. தோற்றது அடிமைகளை வைத்திருந்த தெற்குப் பக்கம்; அதன் தளபதி வாளும் புது உடுப்புமாக வந்திருக்கிறார், வென்றவரோ சேறு அப்பிய சப்பாத்தோடு. ஒரு வீட்டின் முன்னறையில் இருவரும் கைகுலுக்குகிறார்கள். உங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போகலாம், குதிரைகளையும் கொண்டுபோகட்டும், உழவு காலம் வந்துவிட்டது என்கிறார் வென்றவர். பட்டினியில் கிடந்த எதிரிப் படைக்குச் சாப்பாடு அனுப்புகிறார். தன் படை ஆரவாரம் செய்தபோது நிறுத்தச் சொல்கிறார். இந்த இடத்தில் உம்முடைய குரல் ஒவ்வொரு வருடமும் தணிந்துவிடும். “ஒரு சண்டை இப்பிடியும் முடியலாம் எண்டு பிள்ளையளுக்குத் தெரிய வேணும்” என்பீர்.

பிறகு ஊரில் எங்கள் சண்டை முடிந்த அந்த வசந்தம் வந்தது.

உம்முடைய தம்பி நந்தன், ஊரில் சண்டை பிடித்த இயக்கத்துக்கு லொறி ஓடியவன். மனைவி வதனியோடும் சின்ன மகளோடும், இராணுவம் நெருங்க நெருங்க ஒடுங்கிக்கொண்டே போன அந்தக் கடற்கரையில் மாட்டுப்பட்டிருந்தான். இங்கே நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்டவுனுக்குப் போய், அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் சனத்தோடு நின்று கத்தினோம். ஒருநாள் பக்கத்தில் நின்ற அன்ரி ஒருவர் உம்முடைய கையைப் பிடித்தார்.

“பிள்ளை, நீர் உவங்கட சரித்திரம் படிப்பிக்கிற ஆளாமே. உவங்கள் வந்து சண்டையை நிப்பாட்டுவாங்களோ?”

“தெரியாது அன்ரி” என்றீர். திரும்பி வரும்போது, “இவ்வளவு படிச்சும் அந்த மனிசிக்குச் சொல்ல என்னட்ட ஒரு வரி இல்லை” என்றீர்.

நந்தனின் அழைப்பு வந்தது ஒரு காலையில், நீர் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது. யாரோ ஒருவருடைய செய்மதித் தொலைபேசி. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டீர். அவனுடைய குரலுக்குப் பின்னால் சனத்தின் அழுகையும் வெடிச் சத்தமும் கேட்டன.

“அக்கா, இனி இஞ்ச நிக்க ஏலாது. சனமெல்லாம் வெள்ளைத்துணி பிடிச்சுக்கொண்டு ஆமிப் பக்கம் போகுது. நானும் போகவோ? லொறி ஓடினது தெரிஞ்சா என்ன செய்வாங்களோ தெரியேல்லை.”

என்னைப் பார்த்தீர். எந்தப் பதில் சரியென்று இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை.

“போ நந்தன்” என்றீர். “சண்டை முடிஞ்சு வெறுங்கையோட வாற ஆளை ஒண்டும் செய்யமாட்டினம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ.”

“சரி அக்கா, அப்ப போறன்.”

அதோடு தொடர்பு அறுந்துபோனது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று தடுத்தேன். “வீட்டில இருந்து என்னத்தைச் செய்யிறது?” என்று கேட்டுவிட்டுப் போனீர்.

பின்னேரம் நான் கூட்டிவரப் போனபோது, காரில் ஏறிக் கதவைச் சாத்தாமலே இருந்தீர். வகுப்பில் அன்றைக்கு வந்திருந்ததும் அதே பாடம். தமிழ்ப் பிள்ளைகள் பாதிப்பேர் ஊர்வலத்துக்குப் போய்விட்டார்களாம். குதிரைக் கதையைச் சொல்லும்போது குரல் உடைந்து, திரும்பி நின்று பலகையைத் துடைத்திருக்கிறீர். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த டனிஷா கையை உயர்த்தினாள். ஜமெய்க்காவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை.

“‘மிஸ், குதிரைக்காரர் வீட்டுக்குப் போச்சினம். அந்த வீடுகளில அடிமையாய் இருந்த ஆக்களுக்கு என்ன குடுத்தவை?’ எண்டு கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னன். சில இடங்களில காணி குடுத்தவை, பிறகு அதையும் பறிச்சுப் பழைய எசமானிட்டயே குடுத்துப்போட்டினம் எண்டு. ‘அப்ப இது ஆருக்கு மிஸ் நல்ல முடிவு?’ எண்டாள்.”

பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. நான் கையை நீட்டி உம்முடைய பக்கத்துக் கதவைச் சாத்தினேன்.

“அந்த ரெண்டு தளபதியளும் ஒருத்தரை ஒருத்தர் மனிசராய்ப் பாத்தவை. அதாலதான் குதிரையைக் கொண்டுபோக விட்டவை. அடிமையளை அப்பிடிப் பாக்கேல்லை. இத்தனை வருசமாய் நான் அதைச் சரியாய்ப் படிக்கேல்லை. எங்கட ஆக்களை ஆர் அப்பிடிப் பாக்கப்போகினம்? அந்தப் பாடத்தை நம்பியல்லோ காலமை அவனைப் போகச் சொன்னன்.”

சில கிழமைகள் கழித்து, வதனி, சனத்தை அடைத்துவைத்த முகாமுக்குள்ளிருந்து எப்படியோ ஒரு போன் பிடித்துக் கதைத்தாள். ஒருநாள் என்றாலும் இயக்கத்தோடு நின்றவர்கள் முன்னுக்கு வாருங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். நந்தன் பிள்ளையை இறக்கி அவளிடம் கொடுத்துவிட்டு முன்னுக்குப் போனானாம். பேருந்தில் ஏற்றியதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

நீர் தட்டாத கதவில்லை. நான் காரோட்டினேன். என்னால் முடிந்தது அதுதான். “நீர் சொல்லாட்டியும் அவன் போயிருப்பான், வேற வழியில்லை” என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். “தெரியும். எண்டாலும் சொன்ன வாய் என்ர வாய்” என்பீர்.

படிப்பிப்பதை நீர் விடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பாடத்தை டனிஷாவின் கேள்வியோடுதான் தொடங்கினீர். குதிரைக் கதையையும் சொன்னீர், பறித்த காணிக் கதையையும் சொன்னீர். வருத்தம் வந்து, படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் போகும்வரை சொன்னீர்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் நான் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது கேட்டீர்: “வதனிக்கு என்னில கோவம் இருக்குமோ? ஒரு நாளும் கேக்கேல்லை நான்.”

“கேட்டுப் பாப்பமோ?”

“வேண்டாம். இருந்தாலும் அவள் சொல்லமாட்டாள். சொன்னாலும் நான் தாங்கமாட்டன்.”

நீர் போய் ஒரு வருடமாகிறது. போன கிழமை வதனி போன் எடுத்தாள். மகள் பட்டம் முடித்துவிட்டாளாம். அவள் சந்தோசமாக இருந்த நேரத்தில், என்னையறியாமல் உம்முடைய கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

“என்ன கதை கதைக்கிறியள் அண்ணை? அண்டைக்குப் பின்னேரம் அவர் பயத்தில நடுங்கிக்கொண்டு நிண்டவர். போன் கதைச்சாப்பிறகுதான் முகம் மாறினது. ‘அக்கா சொல்லிப்போட்டா, ஒண்டும் செய்யமாட்டாங்களாம்’ எண்டு சிரிச்சவர். பிள்ளையைத் தோளில வச்சுக்கொண்டு, வழிநெடுக அவளுக்குப் பகிடி சொல்லிச் சிரிக்கவச்சுக்கொண்டு வந்தவர். அவளுக்குத் தேப்பன்ர ஞாபகமெண்டா அது ஒண்டுதான். நான் ஏன் மச்சாளைக் கோவிக்க?”

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதைக் காதால் கேட்டிருந்தால் உம்முடைய மனம் ஆறியிருக்குமா, அவன் அப்படிச் சிரித்துக்கொண்டா போனான் என்று இன்னும் உடைந்திருக்குமா, எனக்குப் பிடிபடவில்லை. உம்மைத் தவிர வேறு யாரிடம் கேட்டு அறிவேன்? அவனுடைய சிரிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. உம்மிடம் சேர்க்க வழி தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.