கரைந்து போன வெள்ளை அணுக்கள்

ஸ்காபரோ
12.02.1996

அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனதிலிருந்து போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். போன கிழமை எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்த பிறகும் கையில் சேலைன் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் டொக்டர் இரத்தம் சோதித்துவிட்டு இங்கிலீசில் ஏதோ சொன்னார். துணைக்கு நின்ற பக்கத்து வீட்டுத் தவமணி அக்காதான் தமிழில் சொன்னா: "பிள்ளை, உன்ர வெள்ளை அணுவெல்லாம் கரைஞ்சு போச்சுதாம். திரும்பச் சோதிக்கவேணுமாம்." சொல்லிவிட்டு அவவே அழுதா.

இது இரத்தப் புற்றுநோயாகத்தான் இருக்கும். களைத்துப்போனேன் அத்தான், கோபித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. நிரோஷினிக்கு ஆறு வயதுதான். பிள்ளையை உங்களிடம்தான் விட்டுப்போக வேண்டும். ஒருமுறை வாருங்கள்.

உங்கள் அன்ரனெற்


பிறம்ரன்
16.02.1996

அன்பின் அன்ரனெற்றுக்கு,

வேலை செய்கிற வெயர்ஹவுசில் சாப்பாட்டு நேரம் உமது கடிதத்தை வாசித்தேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். யார் சரி, யார் பிழை என்பதெல்லாம் இனி எதற்கு? 24ஆம் திகதி சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன். திரும்பிப் போகமாட்டேன். அன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று சூப்பவைசரிடம் சொல்லிவிட்டேன். உமக்குக் கஞ்சி நானே காய்ச்சித் தருவேன். உப்புக் கூடினால் ஏசாதேயும்.

உமது கஸ்பர்


ஸ்காபரோ
19.02.1996

அன்பின் அத்தானுக்கு,

ஒரு பகிடி கேளுங்கள். இன்று கிளினிக்கில் தமிழ் நேர்ஸ் ஒருவர் இருந்தா. மயக்கமருந்தும் ஒப்பரேசனும் வெள்ளை அணு எண்ணிக்கையைக் கொஞ்சம் ஏற்றி இறக்குமாம். அதற்குமேல் அவ்வளவு சேலைன் ஏறினதில் இரத்தம் தண்ணீராகி, அணுக்கள் குறைந்ததுபோலக் காட்டியதாம். "அக்கா, பாலுக்கை தண்ணி விட்டால் பால் குறையிறேல்லை, தண்ணிதான் கூடுது. டொக்டர் சொன்னதும் அதைத்தான், கரைஞ்சு போச்செண்டு இல்லை" என்று சிரித்தா. இப்போது எல்லாம் சரியாம். தவமணி அக்கா வெட்கத்தில் அப்பம் சுட்டுக்கொண்டு வந்தா.

நீங்கள் வந்த பிறகு இதைச் சொல்லலாமென்று நினைத்தேன். மனம் கேட்கவில்லை. நோயாளியைப் பார்க்க வருகிற ஆளாக நீங்கள் வரவேண்டாம், வீட்டுக்கு வாருங்கள். நிரோஷினி வாசலில் கிடந்த சப்பாத்துகளைத் தள்ளி உங்களுடையதற்கு இடம் வைத்திருக்கிறாள்.

பார்த்திருக்கும் அன்ரனெற்


பிறம்ரன்
23.02.1996

அன்ரனெற்றுக்கு,

கடிதம் கிடைத்தது. இப்போதுதான் நெஞ்சு ஆறியது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். இனிப் பயமில்லைத்தானே.

சனிக்கிழமை ஆள் காணாதென்று சூப்பவைசர் மறுபடி கேட்டான். வேலைக்கு வர ஓமென்றுவிட்டேன். கட்டின பெட்டியையும் அவிழ்த்துவிட்டேன், சேட்டெல்லாம் கசங்கிப் போய்க் கிடக்கிறது. கொஞ்ச நாள் போகட்டும், பார்ப்போம்.

பாரம் ஒன்றும் தூக்காதேயும்.

கஸ்பர்